கஸ்பார் வீட்டு முருகைச் சுவர்

எங்கள் கொம்புமுனையில் வள்ளங்கள் அணைய ஒரு ஜெட்டி கட்டுவதற்காகக் கடலுக்குள் மூங்கில் நட்டு, மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி, அளக்க வந்தவர்கள் அளந்துவிட்டுப் போன தை மாதத்தில் கஸ்பார் வீட்டுத் தெற்குச் சுவர் உயிர் பெற்றது. விடிந்து வெயில் ஏறிய நேரம், கட்டிலில் கிடந்தபடி தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டிய கஸ்பாரின் விரல் சுவரில் உரச, சுவர் கூச்சப்பட்டதுபோலச் சுருங்கி, அவன் கையை எடுத்ததும் மறுபடி விரிந்தது. விரிந்த இடத்தில் மிளகு அளவுக்குச் சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மயிரிழை போன்ற விரல்கள். காற்றே இல்லாத அந்த அறையில் அவை எல்லாம் நீவாட்டில் ஆடுவதுபோல ஒரே திசையில் ஆடிக்கொண்டிருந்தன. நீவாடு என்பது கடலுக்குள் ஓடும் ஓட்டம். கஸ்பார் அதைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்ததால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, சுவர் முழித்திருக்கிறது என்றான். தெக்லா கையில் இட்லி மாவோடு வந்து நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, அழுக்குக் கையோடு அதைத் தொட்டீர்களா என்று கேட்டாள்.

அந்தச் சுவர் முருகைக்கல்லால் ஆனது. முருகைக்கல் என்பது செத்துக் கல்லாகிப்போன பவளம். எதிரே இருக்கும் ஆளில்லாத தீவைச் சுற்றி, தண்ணீருக்கடியில், ஊரைவிடப் பெரிய பவளத் திட்டு ஒன்று, நாங்கள் பார் என்போம், கிடக்கிறது. அரசாங்கம் தடுப்பதற்கு முன்னால் எங்கள் ஊர் ஆண்கள் அதைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்து வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், மிச்சத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் பூசினார்கள். கஸ்பாரின் அப்பாவும் அப்படித்தான் கட்டினார். ஊரில் முருகைக்கல் சுவர்கள் இன்னும் நிறைய இருக்க, இந்த ஒரு சுவர் மட்டும் ஏன் எழுந்தது என்று கேட்டவர்களுக்குத் தெக்லாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: கஸ்பார் விழுந்த பிறகு எங்கள் வீட்டுக்குத்தான் வெள்ளை அடிக்கவில்லை, அதற்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். இதைவிட நல்ல காரணத்தை அதன் பிறகும் யாரும் சொல்லவில்லை.

கஸ்பார் விழுந்தது சில வருஷங்களுக்கு முந்திய ஓர் ஆடி மாதச் சோழகக் காற்றில். தெற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் வள்ளத்தை ஒதுக்குவது சூதாட்டம் மாதிரி. அலை தூக்கிக் கொடுக்கும்போது எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும், அடுத்த அலை வருவதற்குள் விலக வேண்டும். கஸ்பாரின் தம்பி லியோன் விலகிவிட்டான், கஸ்பார் விலகவில்லை. வள்ளம் அவனை மணலோடு சேர்த்து அழுத்தியது. உயிர் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே கால்கள் இருந்தன, ஆனால் அவன் சொல்லைக் கேட்கவில்லை. அதற்கு முன்னாலும் அந்தக் கரையில் கை போனவர்கள் உண்டு, விலா முறிந்தவர்கள் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. ஊர்க் கமிட்டி இந்த முறை கஸ்பார் கட்டிலில் கிடப்பதைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போய் உட்கார்ந்தது. எங்களுக்கு ஜெட்டி கிடைத்தது அந்தப் படத்தால்தான். இளம் வயதில் பாரின் மேல் மூச்சடக்கி முங்கி, சங்கும் கல்நண்டும் எடுத்த மனிதன் அவன். இனி என்னால் ஊருக்கு ஆகக்கூடியது இந்த ஜெட்டி ஒன்றுதான் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லுவான், சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

சுவர் எழுந்த செய்தி ஊருக்குள் பரவ இட்லி ஈடு ஒன்று வேகிற நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் தெக்லா வீட்டு இட்லியை வாங்கத்தான் பாதி ஊர் வாசலில் நின்றது. முதலில் பெண்கள் வந்தார்கள். பார்த்ததும் அவர்களுக்குத் தோன்றியது, வற்று நேரத்தில் இது காய்ந்து போகுமே என்பதுதான். கடல் வற்றும்போது சுவரும் சுருங்கிச் சோர்ந்து நிற்கும், பெருகும்போது மலரும். ஆகவே பிறந்ததிலிருந்து குடிதண்ணீருக்காக மேற்கே நடந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீருக்காகக் கிழக்கேயும் நடந்தார்கள், குடத்தைக் கொண்டுவந்து சுவரில் கையால் வாரித் தெளித்தார்கள், தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வீட்டுக் குறைகளைப் பேசினார்கள். தெக்லா சுவரில் இருந்த ஆணிகளை எல்லாம் வலிக்காமல் பிடுங்கி, திரு இருதயப் படத்தையும் காலண்டரையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். பங்குச் சாமியார் வந்தார். கண்ணீர் வடிகிறதா, ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார், இரண்டும் இல்லாததால் இதைப் புதுமை, அற்புதம் என்று ஆயருக்கு எழுத முடியாது என்றும், ஆனாலும் யாரும் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம், சூடு ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மீன் எங்கே கிடக்கிறது என்று கேட்க ஆண்கள் வந்தார்கள். சுவருக்கு அதில் அக்கறை இல்லை. சுவிட்சுப் பெட்டிக்குள் பொடி இறால் குடியேறியதால் கரண்ட் ஆபீஸ்காரர் அந்த அறைக்கு மட்டும் வயரைத் துண்டித்தார். அதோடு ஊருக்குப் பழகிவிட்டது. நல்லது கெட்டதுக்கு வருகிறவர்கள் கஸ்பாரை நலம் விசாரித்த கையோடு சுவரையும் விசாரித்தார்கள்.

கஸ்பாருக்குத்தான் எல்லாமே மாறியது. அதுவரை கூரை ஓடுகளைப் பார்த்துக் கிடந்தவன் இப்போது ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துக் கிடந்தான். பெருக்கு ஏறும்போது ஊதாவும் பச்சையும் தேன் நிறமுமாகச் சுவர் விரிவதையும், ஒரு கோமாளி மீன் காற்றிலேயே நீந்தி மூலையில் ஒளிவதையும் அவன் தெக்லாவிடம் சொல்லச் சொல்ல, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவள் அவள். எங்கள் பெண்கள் அநேகமாக அப்படித்தான். கடலால் சாப்பிடுவார்கள், கடலுக்காக ஜெபிப்பார்கள், கடலுக்குள்ளே பார்த்ததில்லை.

பூங்கோதை வந்தது அந்த நேரத்தில்தான். ஜெட்டி வேலையால் தீவுப் பாருக்கு என்ன ஆகிறது என்று அளந்து சொல்வதற்காக அரசாங்கத்தால் அனுப்பப்பட்டவள், முப்பது வயதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் லியோனின் வள்ளத்தில் பாருக்குப் போய் வந்தாள். கருப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவாள்; எவ்வளவு ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அவ்வளவு தெளிவு. பாரின் மேல் குழாய்களைக் கட்டிவைத்து, அவற்றில் எவ்வளவு வண்டல் படிகிறது என்று பார்ப்பாள். காலைச் சாப்பாடு தெக்லா வீட்டில். முதல் நாள் இட்லித் தட்டோடு உள்ளே எட்டிப் பார்த்தவள் சுவரைக் கண்டு, கிட்டே போகலாமா என்று கஸ்பாரிடம் அனுமதி கேட்டாள். போய் மூக்கு படுமளவுக்கு நின்று பார்த்தாள். இது மான்கொம்பு வகை, இது மூளை வகை, இது எங்களுக்கே அபூர்வம் என்று சொல்லிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து இன்னொரு கரண்டிச் சட்னி கேட்டாள். தெக்லாவுக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போனது.

சுவர் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தவள் பூங்கோதைதான். ஒரு நாள் பாரின் கிழக்கு முனையில் யாரோ நங்கூரம் போட்டதை அவள் வள்ளத்திலிருந்து பார்த்தாள். அன்று மத்தியானம் வந்தபோது, காலையில் சுவரின் வலது மேல்மூலை மட்டும் திடீரென்று சுருங்கியது என்று கஸ்பார் சொன்னான். அவள் நேரத்தைக் கேட்டாள். ஒத்துப்போனது. அதன்பிறகு பொறுமையாகத் தன் தட்டையும் குழாய்களையும் சுவரோடு வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கல்லும் தான் பெயர்க்கப்பட்ட இடத்தில் இன்று நடப்பதைத்தான் உணர்கிறது என்று புரிந்தது. தட்டும் குழாயும் கடலில் எவ்வளவு கலங்கல் என்று சொல்லின. அந்தக் கலங்கல் பாருக்குத் தாங்குமா தாங்காதா என்று சுவர் சொன்னது. இரண்டும் சேர்ந்தால்தான் அளவு என்று அவள் கஸ்பாரிடம் சொன்னாள். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், அளக்கப் பயன்பட்ட கருவிகள் என்ற இடத்தில் தட்டு, குழாய், சுவர் என்று எழுதினாள். சுவர் யார் தயாரிப்பு, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்டுப் பதில் வந்தது. கடல் தயாரிப்பு, வற்றும் பெருக்கும் தினமும் சரிபார்க்கின்றன என்று அவள் பதில் எழுத, படிவத்தில் கட்டம் நிரம்பிவிட்டதால் மேலிடம் அதற்கு மேல் கேட்கவில்லை.

மாசியில் லாரிகள் வந்தன. திட்டப்படி ஜெட்டி என்பது கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி நீட்டிக்கொண்டே போகும் கரைதான். குவாரியிலிருந்து மண்ணும் தூசியுமாகக் கல் வந்தது. கொட்டக் கொட்டக் கடல் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது, அந்த நிறத்தை நீவாடு தீவைப் பார்த்து இழுத்துப்போனது. இரைச்சல் கஸ்பாரின் கட்டில் வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு லாரிக்கும் அவன் தலையை உயர்த்திக் கேட்பான், முகத்தில் திருவிழாக் களை இருக்கும். பிறகு ஒரு நாள் தரையை ஒட்டிய வரிசைக் கற்கள் பெருக்கு ஏறியும் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்கடுத்து அவை வெளுக்கத் தொடங்கின, தேனும் ஊதாவும் வடிந்து, உப்புப் பாத்தியின் வெண்மை கீழிருந்து மேலே ஏறியது.

கஸ்பார் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளச் சொன்னான். குளிர்கிறது என்று ஒரு போர்வையை வாங்கிக் கட்டில் சட்டத்திலிருந்து சுவர்ப்பக்கம் தொங்கவிட்டான். பூங்கோதை வந்து கேட்டபோது, சுவருக்கு ஒரு குறையும் இல்லை, கீழ்ப்பக்கம் கொஞ்சம் தூங்குகிறது என்றான். தட்டு சொல்வதும் சுவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லையே என்று அவள் குழம்பிப்போய், தன் குழாய்களில்தான் பிசகு என்று நினைத்து, அவற்றை எல்லாம் கழற்றிக் கழுவி மறுபடி கட்டினாள்.

தெக்லா ஒரு மத்தியானம் கட்டிலுக்கடியில் பெருக்கக் குனிந்தபோது பார்த்துவிட்டாள். விளக்குமாற்றை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கஸ்பார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“சொல்லாத தெக்லா. சொன்னா வேலைய நிப்பாட்டிருவாங்க.”

“நிப்பாட்டட்டும்.”

“நிப்பாட்டினா இன்னொரு ஆடி வரும். இன்னொருத்தன் இப்படிக் கெடப்பான். கல்லுதான, போனாப் போவுது.”

தெக்லா வெளுத்த கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதில் ஒரு சிலிர்ப்பும் இல்லை. “உங்க மேல வள்ளம் ஏறுனப்ப எல்லாரும் ஓடி வந்து தூக்குனாங்க,” என்றாள். “இதுமேல மண்ணு ஏறிக்கிட்டே இருக்கு. நீங்க பக்கத்துலயே படுத்துக்கிட்டு போர்வையப் போட்டு மூடுறீங்க.”

மறுநாள் காலை பூங்கோதை சாப்பிட உட்கார்ந்தபோது தெக்லா இட்லித் தட்டைக் கொடுக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, போர்வையை விலக்கினாள். பூங்கோதை வெகுநேரம் பார்த்தாள். கஸ்பாரைக் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் இந்த ஜெட்டி வேண்டும் அண்ணே, வேறு மாதிரி கட்ட முடியும், அதைச் சொல்வதற்கு எனக்கு உண்மையான அளவு வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கஸ்பார் அன்றிலிருந்து தெக்லாவோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் அவள் அவனைத் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், சோறு ஊட்டினாள். அவன் வெளுத்த கற்களையே பார்த்துக் கிடந்தான், வெண்மை மேலேறி அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

பங்குனி முடியும்போது கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பூங்கோதை எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னாள்: கல்லைக் கொட்டிக் கடலை அடைக்க வேண்டாம், கடற்படுகையில் துளை போட்டுத் தூண் இறக்கி, தூண்களின் மேல் ஜெட்டியை நிறுத்தலாம், நீவாடு அடியில் தன் பாட்டுக்கு ஓடும். தூணைச் சம்மட்டியால் அடித்து இறக்கக் கூடாது, அதிர்வு பாருக்கு ஆகாது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மிதவையில் திரை தொங்கவிட்டால் வண்டல் வெளியே போகாது. சிமென்டில் பாதிக்கு அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கலாம், உப்புக்கு நின்று பிடிக்கும். இதையெல்லாம் மேலிடம் கேட்கும், ஊரும் சேர்ந்து கேட்டால். ஆனால் இந்தச் சோழகத்துக்குள் முடியாது. அடுத்த சோழகத்துக்குத்தான் முடியும்.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் முற்றம் கொந்தளித்தது. லியோன்தான் முதலில் எழுந்தான். அண்ணனுக்குச் சுவர் இருக்கிறது, எனக்கு வள்ளம்தான் இருக்கிறது, அதை இந்த ஆடியில் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஊர்த்தலைவர் தொம்மை பர்னாந்து, கைதூக்கி முடிவு எடுப்போம் என்றபோது, நாற்காலியோடு தூக்கிவரப்பட்டிருந்த கஸ்பார் பேச வேண்டும் என்றான்.

“என் படத்த வச்சித்தான் இத வாங்குனீங்க,” என்றான். “அதனால கேக்குறேன். ஒரு வருஷம் பொறுங்க. நசுங்குறதுன்னா என்னன்னு இங்க எனக்குத்தான் தெரியும். நம்ம நசுங்கக் கூடாதுன்னு இன்னொன்ன நசுக்கிக் கட்டுனா, அந்த ஜெட்டில எனக்கு ஏற மனசு வராது.”

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவர்களுக்குள் இருந்த பேசாவிரதம் அதோடு முடிந்தது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. லியோனின் கை உயரவில்லை.

லாரிகள் நின்றன. மேலிடத்தோடு பூங்கோதை மல்லுக்கட்டினாள். ஆடி வந்தது, சோழகம் வந்தது, லியோன் பயந்தது நடந்தது. ஒரு மத்தியானம் அலை அவனுடைய வள்ளத்தைத் தூக்கி, கொட்டிப் பாதியில் விட்ட கற்குவியலின் மேல் அடித்து இரண்டாகப் பிளந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லியோன் நனைந்த உடம்போடு கரையேறி, பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற தெக்லா, அவன் கையில் இருப்பதைப் பார்த்தும் வழிவிட்டாள். அவள் ஏன் வழிவிட்டாள் என்று அன்றைக்கு ஊரில் பலபேர் கேட்டார்கள். வள்ளத்தை இழந்தவனை வாசலிலேயே நிறுத்த எனக்கு வாய் வரவில்லை என்றாள்.

நல்ல பெருக்கு நேரம் அது. கல் கொட்டுவது நின்றதிலிருந்து வெண்மை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. லியோன் உள்ளே போனபோது சுவர் மேலிருந்து பாதிக்குக் கீழ் வரைக்கும் விரிந்து ஆடிக்கொண்டிருந்தது, மற்ற இடத்தில் தேன் நிறம் திட்டுத் திட்டாகத் திரும்பியிருந்தது. ஊரெல்லாம் வந்து பார்த்த சுவரை அவன் அதுவரை வந்து பார்க்கவில்லை. கடப்பாரையை ஓங்கினான். ஓங்கியபடி நின்றான். கஸ்பார் தடுக்கவில்லை, தடுக்க அவனால் முடியவும் முடியாது.

“இது எந்த எடத்துக் கல்லு?” என்று கடைசியில் கேட்டான் லியோன்.

“மேப்பாருக் கல்லு. அப்பா ஒன்னையும் என்னையும் முங்கப் பழக்குன எடம்.”

லியோன் கடப்பாரையைச் சுவரில் சாத்தப் போய், பிறகு நினைத்துக்கொண்டு தரையில் படுக்கவைத்தான். அண்ணன் கட்டிலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். தெக்லா ஈரச் சட்டையை அவன் மேலிருந்து கழற்றி, உலர்ந்த துண்டைப் போர்த்திவிட்டாள். விழித்தபோது சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டான். வள்ளத்துக்குப் பதிலாக என்ன செய்யப்போகிறாய் என்று கஸ்பார் கேட்க, தெரியவில்லை என்றான். அடுத்த வாரம் பூங்கோதை அவனைக் கூப்பிட்டு, தண்ணீருக்கடியில் திரையைப் பிடித்துக் கட்ட முங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். அவன் போனான்.

ஆவணியில் தூண் வேலை தொடங்கியது. அதோடு தெக்லாவின் சேலையும் வேலைக்குப் போனது. ஏற்பாடு இதுதான்: சுவர் சுருங்கினால் கஸ்பார் குரல் கொடுப்பான், தெக்லா தன் அரக்குச் சேலையை வாசலில் நட்ட உயரக் கம்பத்தில் ஏற்றிக் கட்டுவாள், ஜெட்டியில் துளை போடுவதை நிறுத்த வேண்டும், சுவர் மலர்ந்தால் சேலை இறங்கும், வேலை தொடரும். காண்ட்ராக்டர் முதலில், ஒரு சேலையைப் பார்த்து எந்திரத்தை நிறுத்துவதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேலை ஏறும்போதெல்லாம் பூங்கோதையின் தட்டும் சீக்கிரமே மறைவதையும், திரையில் எங்காவது கிழிசல் இருப்பதை லியோன் முங்கிக் கண்டுபிடிப்பதையும் பார்த்தபிறகு அவரும் பழகிவிட்டார். கார்த்திகை வாக்கில் அவரே வேலையாட்களிடம், அக்கா சேலை இறங்கிவிட்டதா பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். துணி கிழிந்துபோனதும் ஊர்ப் பெண்கள் சேர்ந்து அதே நிறத்தில் வேறு எடுத்துக் கொடுத்தார்கள். வேலை ஆமைபோல நகர்ந்தது. ஒவ்வொரு தூணாக இறங்க, இறங்க, வெண்மை அடி வரிசைக் கற்களுக்குள் போய் ஒடுங்கியது. இரண்டு மூன்று கற்கள் மட்டும் கடைசி வரைக்கும் திரும்பவில்லை. அவற்றையும் சேர்த்துத்தான் பூங்கோதை எழுதினாள்.

மாசிக் கடைசியில் ஜெட்டி முடிந்தது. பங்குனியில், தவக்காலத்தில், பௌர்ணமி கழிந்த ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து ஊர் வீடு திரும்பும் நேரம், தெக்லா வாசலுக்கு ஓடி வந்து எல்லாரையும் கூப்பிட்டாள். சுவரின் ஒவ்வொரு வாயிலும் இளஞ்சிவப்பில் ஒரு மணி திரண்டிருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, பவளத்தின் சினை. ஒன்று கழன்றது, காற்றில் மேலே எழும்பியது. பிறகு பத்து, பிறகு நூறு, பிறகு சுவர் முழுக்க ஒரே மூச்சில் விட்டுவிட, அறை நிறைந்து, ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் அவை தெருவுக்கு வந்தன. காற்று தண்ணீர் மாதிரி அவற்றைத் தாங்கியது. நாங்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம், தேர் வரும்போது நிற்பதுபோல. மணிகள் எங்கள் தலைக்கு மேலே, குழந்தைகளின் முகத்துக்கு முன்னே, ஒன்றன்மேல் ஒன்று மோதாமல், அவசரமில்லாமல் கடலைப் பார்த்துப் போயின. பிடிக்கக் கை நீட்டிய பிள்ளைகளின் கைகளை அம்மாக்கள் மெல்ல இறக்கினார்கள். ஜெட்டியின் மேலே போய், தூண்களுக்கு நடுவே இறங்கி, நீரில் மிதந்து, நீவாட்டோடு தீவுப்பக்கம் நகர்ந்த அந்த இளஞ்சிவப்பு, வெளிச்சம் மறையும் வரைக்கும் தெரிந்தது.

மறுநாள் சுவர் வெறும் கல்லாக இருந்தது. சாம்பல் நிறம், ஓட்டை ஓட்டையாக, தொட்டால் சொரசொரப்பு. பெண்கள் பழக்கத்தில் குடத்தோடு வந்துவிட்டார்கள்; தெளிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டுப் போனார்கள். பூங்கோதை வந்து கல்லின் மேல் கை வைத்து நின்றாள். தன் அளவு வேலையும் முடிந்தது, அடுத்த ஊருக்குப் போகச் சொல்லி வந்திருக்கிறது என்றாள். தெக்லா அவளுக்குக் கட்டுச்சாதம் கட்டிக்கொடுத்தாள். கஸ்பார் இரண்டு நாள் மறுபடி கூரையைப் பார்த்துக் கிடந்தான். வருத்தமா என்று தெக்லா கேட்டாள். வருத்தம் இல்லை, வீடு அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான் என்றான்.

அந்த ஆனியிலும் ஆடியிலும் சோழகம் முன்னைவிட மோசமாக அடித்தது. வள்ளங்கள் ஜெட்டியின் உள்பக்கம் வந்து கயிறு கட்டின. ஆண்கள் படியேறி வந்தார்கள், கூடைகள் ஏறி வந்தன, ஒருவர் காலிலும் சிராய்ப்புக்கூட இல்லை. கூலி வேலையில் சேர்த்ததோடு கடனும் வாங்கி லியோன் புது வள்ளம் இறக்கியிருந்தான்.

காற்று ஓய்ந்து கடல் தெளிந்த புரட்டாசியில் ஒரு காலை, கஸ்பார் ஜெட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான். லியோனும் வேறு நாலு பேரும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள், தெக்லா குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் மேலே உட்கார்ந்து வள்ளங்களைப் பார்க்கப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் படிக்கட்டுப் பக்கம் காட்டி, என்னைத் தண்ணீரில் இறக்கு என்று தம்பியிடம் சொன்னான்.

லியோன் அவன் மார்பில் கயிறு கட்டி, மிதவை மாட்டி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். தண்ணீர் தொட்டதும் கஸ்பாரின் உடம்பு கனமிழந்தது. அண்ணனை இனித் தாங்க வேண்டியதில்லை என்று லியோனின் கைகளுக்குத் தெரிந்தது. கஸ்பார் மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. தெக்லா குடையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஒரு கையால் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் தோளைப் பிடித்தாள். அவன் தலையைத் தூக்கி, மூக்கில் தண்ணீர் வடியச் சிரித்தான்.

“என்ன தெரியுது?” என்றாள்.

“அடி வரைக்கும் தெரியுது. துளிக் கலங்கல் இல்ல. நீயும் பாரு.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“நான் புடிச்சிக்கிறேன்.”

அவன் அவளைப் பிடித்துக்கொண்டான். தெக்லா சிலுவை போட்டுக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, முகத்தைக் கடலுக்குள் வைத்துக் கண்ணைத் திறந்தாள். முதலில் எரிச்சல்தான் தெரிந்தது, பிறகு வெளிச்சம், பிறகு அவனுடைய கால்கள். கட்டிலில் இத்தனை வருஷமும் அவள் தூக்கித் தூக்கி வைத்த கால்கள் அந்தப் பச்சைத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தன. தூண்களுக்கு நடுவே வந்த நீவாடு ஒன்றை முன்னே தள்ளியது, பின்பு மற்றதை, பின்பு மறுபடியும் முதல் காலை, அவசரமே இல்லாமல். மூச்சு முட்டும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தாள், மறுபடி குனிந்தாள்.